சாய்த்துப் பிடித்தாலும் சதுரமே: இருபரிமாண வடிவங்களையும் அவற்றின் நகர்வையும் ஒன்றாகக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மணிலா அட்டையில் வெட்டிய ஒரு சதுரத்தை உயர்த்திப் பிடித்து இது என்ன வடிவம் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "சதுரம்" என்றது. அதே அட்டையை ஒரு முனை கீழே வரும்படி சாய்த்துப் பிடித்து மீண்டும் கேட்டபோது, பாதிப் பேர் "டைமண்ட்" என்றார்கள். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "டீச்சர், நேராப் பிடிச்சாத்தான் அது சதுரம்" என்று எனக்கே விளக்கம் சொன்னாள். அவள்மீது பிழையில்லை. அந்த ஆண்டு முழுவதும் வெண்பலகையில் நான் வரைந்த சதுரங்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தன. முக்கோணங்கள் எல்லாம் கூரையைப்போல அடிப்பக்கத்தைக் கீழே வைத்து நின்றன. வடிவத்தோடு சேர்த்து அது நிற்கும் நிலையையும் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொண்டார்கள். அப்படிப் பதிய வைத்தவள் நான்தான்.

நெதர்லாந்தில் கணித ஆசிரியர்களாகப் பணியாற்றிய பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதியர் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேடுகளில், பிள்ளைகளின் வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்வதை எடுத்துக்காட்டினார்கள். முதற்படியில் பிள்ளை தோற்றத்தைக் கொண்டு வடிவத்தை அடையாளம் காண்கிறது; "கதவைப்போல் இருக்கிறது, ஆகவே செவ்வகம்" என்பது அந்தப் படியின் பேச்சு. அடுத்த படியில்தான் பக்கம், கோணம், சமச்சீர் ஆகிய பண்புகளைக் கொண்டு பேசத் தொடங்குகிறது. முதற்படியிலிருந்து இரண்டாவதற்குப் பிள்ளையை ஏற்றிவிட நான் கண்ட உறுதியான வழி, வடிவங்களை ஒரு பாடமாகவும் அவற்றின் நகர்வை வேறொரு பாடமாகவும் பிரிக்காமல், முதல் நாளிலிருந்தே இரண்டையும் பிணைத்துக் கற்பிப்பதாகும். ஒரு வடிவத்தை நகர்த்தியும் புரட்டியும் சுழற்றியும் பார்த்தபின் எது மாறாமல் எஞ்சுகிறதோ, அதுவே அந்த வடிவத்தின் பண்பு. ஃபெலிக்ஸ் கிளைன் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் 1872-இல் வடிவியல் முழுவதையும் இந்தக் கண்கொண்டே வகுத்துக் காட்டினார். அதே கருத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையிலும் ஓர் அட்டைத் துண்டாகக் கொடுத்துவிட முடியும்.

கீழே எட்டுப் படிகளாக உள்ள முறை மூன்றாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்கு ஏற்றது. அரை மணி நேரப் பாடவேளைகள் பத்து முதல் பன்னிரண்டு வரை ஆகும். அவசரப்படுத்தினால் ஆறிலும் முடிக்கலாம். ஆனால் மூன்றாம் படியைக் குறைக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குமுன்: பொருள்களும் சொற்களும்

பொருள்கள் எளியவை: இரு நிற மணிலா அட்டைகள், ஒரு சென்டிமீட்டர் கட்டத்தாள், டிரேசிங் தாள், கத்தரிக்கோல், குண்டூசி, சட்டமில்லாத சிறிய முகக்கண்ணாடி. டிரேசிங் தாள் கிடைக்காவிட்டால் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாளே போதும். பென்சில் கோடு அதன்வழியே நன்றாகத் தெரியும்.

பொருள்களைவிடச் சொற்களுக்கே முன்னேற்பாடு அதிகம் வேண்டும். அன்றாடத் தமிழில் "திருப்பு" என்ற ஒரே சொல் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. கல்லில் கிடக்கும் தோசையைத் திருப்பு என்றால் மேற்புறம் கீழாகப் போட வேண்டும். வண்டியை இடப்பக்கம் திருப்பு என்றால் தரையைவிட்டு எழாமல் திசையை மட்டும் மாற்ற வேண்டும். கணிதத்தில் முதலாவது எதிரொளிப்பு, இரண்டாவது சுழற்சி. ஆசிரியர் "முக்கோணத்தைத் திருப்புங்கள்" என்று சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் தோசையைத் திருப்புவார்கள், மீதிப் பேர் வண்டியைத் திருப்புவார்கள்; இரு சாராரும் சொன்னதைத்தான் செய்திருப்பார்கள். ஆகவே இந்தப் பாடம் முடியும்வரை "திருப்பு" என்ற சொல்லை வகுப்பிலிருந்து விலக்கி வைத்து, நகர்த்து, புரட்டு, சுழற்று என்ற மூன்றை மட்டும் வழங்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்செயல் இருக்கட்டும். மேசைமேல் விரித்த உள்ளங்கையைச் சறுக்கிச் செல்வது நகர்த்தல். கை கவிழ்ந்து புறங்கை மாறுவது புரட்டல். ஒரு விரலை ஊன்றிக்கொண்டு கையைச் சுற்றுவது சுழற்றல். இடப்பெயர்வு, எதிரொளிப்பு, சுழற்சி என்ற பாடநூற் சொற்களை, செயல் கையில் பழகிய பிறகு அதன்மேல் பெயராகச் சூட்டலாம்.

முதற்படி: பெயரிடுவதற்கு முன் பிரித்து அடுக்குதல்

குழுவுக்கு இருபது அட்டைத் துண்டுகள் கொடுங்கள். அவற்றில் வழக்கமான சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம் ஆகியவற்றோடு, மிக ஒடுங்கிய முக்கோணம், பக்கம் வளைந்த போலி முக்கோணம், முனை மழுங்கிய சதுரம், சரிவகம், சாய்சதுரம், பட்டம், உள்நோக்கி மடிந்த நாற்கரம் ஆகியவையும் கலந்திருக்க வேண்டும். எது முக்கோணம் என்று அறிந்துகொள்ள, எது முக்கோணம் இல்லை என்பதையும் பிள்ளை தொட்டுப் பார்க்க வேண்டும். "மூன்று மூலை இருந்தால் முக்கோணம்" என்று சொல்லும் மாணவனிடம் பக்கம் வளைந்த துண்டைக் கொடுங்கள். "பக்கங்கள் நேராகவும் இருக்க வேண்டும்" என்ற திருத்தம் அவன் வாயிலிருந்தே வரும்வரை காத்திருங்கள். காகிதத்தின் மூலையைச் செங்கோண அளவியாக வைத்துக்கொண்டு கோணங்களைச் சோதிக்கப் பழக்குங்கள்.

இந்தப் படியில் ஆசிரியர் தவிர்க்க வேண்டிய ஒரு வாக்கியம் உண்டு: "செவ்வகத்துக்கு இரண்டு பக்கம் நீளம், இரண்டு பக்கம் குட்டை." கேட்க எளிதாக இருப்பதால் நாம் சொல்லிவிடுகிறோம், பின்னாளில் சதுரமும் ஒரு செவ்வகமே என்று படிக்கும்போது பிள்ளை திகைத்து நிற்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், நான்கும் செங்கோணம் என்று மட்டும் சொன்னால் பின்னர் எதையும் திரும்பப் பெற வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: நிலையை மாற்றி, பெயர் மாறுகிறதா என்று பார்த்தல்

சதுர அட்டையின் நடுவில் குண்டூசி குத்தி, மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, "பக்கம் நீண்டதா? கோணம் விரிந்ததா?" என்று கேட்டு, மாணவர் ஒருவரை அழைத்து அளக்கச் செய்யுங்கள். "டைமண்ட்" என்று சொன்ன பிள்ளையே அளவுகோலைப் பிடிக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். வாய்விளக்கத்தால் அகலாத அந்தத் தவறான எண்ணம், தன் கையால் அளந்த பிறகு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அன்று முதல் பலகையில் எந்த வடிவத்தையும் ஒரே நிலையில் இருமுறை வரையாதீர்கள்.

மூன்றாம் படி: சட்டத்துக்குள் பொருத்தும் விளையாட்டு

முழு வழிகாட்டியிலும் நான் மிகவும் நம்புவது இந்தப் படியைத்தான். ஒருபுறம் மஞ்சள், மறுபுறம் நீலம் இருக்கும்படி ஒட்டிய அட்டையில் ஒரு செவ்வகத்தை வெட்டி எடுங்கள். வெட்டியபின் அட்டையில் அதே அளவுள்ள ஒரு திறப்பு இருக்கும். வெட்டிய துண்டின் மூலைகளில் அ, ஆ, இ, ஈ என்று மஞ்சள் புறத்தில் எழுதி, மறுபுறத்திலும் அந்தந்த மூலைக்கு அதே எழுத்தை எழுதுங்கள். இப்போது கேள்வி: வெளியே எடுத்த துண்டை அதே திறப்புக்குள் எத்தனை விதமாகச் சரியாகப் பொருத்த முடியும்?

எடுத்த எடுப்பில் "ஒன்று" என்பார்கள். பிறகு ஒரு பிள்ளை அரைச் சுற்றுச் சுழற்றிப் பொருத்தும்; இரண்டாகிறது. இன்னொரு பிள்ளை துண்டைப் புரட்டி நீலப்புறம் மேலே வரும்படி வைக்கும், மூன்றாகிறது. புரட்டியதைச் சுழற்றினால் நான்கு. கால் சுற்றுச் சுழற்றிப் பார்த்தால் திறப்பு ஏற்காது. அட்டை மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் செவ்வகத்துக்குக் கால் சுற்றுச் சமச்சீர் இல்லை என்பதன் பொருள் அதுதான். ஒவ்வொரு முறையும் இடது மேல் மூலையில் எந்த எழுத்து வந்தது, எந்த நிறம் மேலே இருந்தது என்று குறித்துக்கொண்டால் எதுவும் இருமுறை எண்ணப்படாது.

அடுத்துச் சதுரத்துக்கு இதே விளையாட்டை ஆடினால் எட்டு விதம் கிடைக்கும்: மஞ்சள் மேலே நான்கு, நீலம் மேலே நான்கு. சமபக்க முக்கோணத்துக்கு ஆறு. ஒழுங்கு அறுகோணத்துக்குப் பன்னிரண்டு. சாய்சதுரத்துக்கு நான்கு. மூன்று பக்கமும் வேறுபட்ட முக்கோணத்துக்கு ஒன்றே ஒன்று. வட்டத்தைக் கொடுத்தால் சற்று நேரம் சுழற்றிவிட்டு, "முடிவே இல்ல டீச்சர்" என்பார்கள்; அது முற்றிலும் சரியான கணித விடை. செவ்வகம் செய்யும் நான்கையும் சதுரம் செய்கிறது, மேலும் நான்கும் செய்கிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்ளும்போது, சதுரம் ஒரு சிறப்புச் செவ்வகம் என்ற கூற்றுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

இதன் உச்சம், இணைகரத்தையும் இருசமபக்க முக்கோணத்தையும் அருகருகே வைப்பது. இரண்டுக்கும் விடை இரண்டுதான். ஆனால் முக்கோணத்தின் இரண்டாம் விதம் புரட்டினால் மட்டுமே கிடைக்கிறது. இணைகரத்தின் இரண்டாம் விதம் அரைச் சுற்றுச் சுழற்றினால் மட்டுமே கிடைக்கிறது. இணைகரத்தைப் புரட்டிப் போட்டால் அது எதிர்ப்பக்கம் சாய்ந்துகொண்டு, எப்படிச் சுழற்றினாலும் திறப்புக்குள் இறங்க மறுக்கிறது. ஒரு மாணவன் நீலப்புறத்தை மேலே வைத்து, பத்து நிமிடம் விடாமல் முயன்றுவிட்டு, "இதுக்குப் புரட்டத் தெரியல" என்று சொன்னான். இணைகரத்துக்குச் சமச்சீர்க் கோடு இல்லை, சுழற்சிச் சமச்சீர் மட்டுமே உண்டு என்பதை அதைவிடத் தெளிவாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை. டேன்கிராம் (ஏழு துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் அமைக்கும் புதிர்) வைத்திருக்கும் பள்ளிகளில் இதற்குத் துணைச்சான்று கிடைக்கும்: அதன் ஏழு துண்டுகளில் ஐந்து முக்கோணங்களையும் சதுரத்தையும் புரட்ட வேண்டிய தேவையே எழாது, இணைகரம் ஒன்றை மட்டும் சில உருவங்களுக்குக் கட்டாயம் புரட்டியாக வேண்டும்.

நான்காம் படி: நகர்த்தல்

நகர்த்தலில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே திசையில் ஒரே தொலைவு செல்கிறது. வடிவம் சாய்வதுமில்லை, புரள்வதுமில்லை. பினாங்குப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு வீட்டு வாசலிலேயே உண்டு. 1923 முதல் இயங்கிவரும் கொடிமலை இரயிலில் இரண்டு பெட்டிகளும் ஒரே வடத்தால் பிணைக்கப்பட்டு, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. பாதை நேராக இருக்கும் பகுதியில் அவை சம தொலைவும் எதிர்த்திசையும் கொண்ட இரண்டு இடப்பெயர்வுகள். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே முன்பு ஓடிய பழைய ஃபெர்ரிகளுக்கு இரு முனையும் முன்பக்கமாக இருந்ததால், கரையில் சுழலாமலே திரும்பிச் சென்றன. இதைப் பெற்றோரிடம் கேட்டு வரச் சொல்லலாம்.

கட்டத்தாளில் செய்யும்போது ஒரு பிழை தவறாமல் வரும். "ட" வடிவ உருவம் ஒன்றை, நிற்கும் கோடு 2 அலகும் படுத்த கோடு 4 அலகுமாக வரைந்து, வலப்பக்கம் 6 அலகு நகர்த்தச் சொன்னால், பல பிள்ளைகள் மூல உருவத்தின் வலது ஓரத்திலிருந்து ஆறு கட்டம் இடைவெளி விட்டுப் புதிய உருவத்தைத் தொடங்குவார்கள். உருவம் 10 அலகு நகர்ந்திருக்கும். "தவறு, மீண்டும் எண்ணு" என்று சொல்வதால் பயனில்லை, ஏனெனில் அவர்கள் எண்ணியது சரிதான்; எண்ணத் தொடங்கிய இடம்தான் தவறு. ஒரு முனைமேல் சிவப்புப் புள்ளி ஒட்டி, "இந்தப் புள்ளி எங்கே போய் நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். புள்ளியை ஆறு கட்டம் நடத்திச் சென்று நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி உருவத்தை வரையட்டும். முனைக்கு முனை எண்ணும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், "வலப்பக்கம் 6, மேலே 2" போன்ற இரட்டைக் கட்டளைகளும், பின்னர் ஆயத்தொலைவுகளும் இடர் தருவதில்லை.

ஐந்தாம் படி: புரட்டல்

தாளை மடித்து, ஒரு பாதியில் உருவம் வரைந்து, அதன் முனைகள்தோறும் குண்டூசியால் குத்துங்கள். விரித்தால் மறுபாதியில் துளைகள் காத்திருக்கும். அவற்றை இணைத்தால் எதிரொளிப்பு. இரண்டு ஒத்த துளைகளை ஒரு கோட்டால் சேர்த்து, அக்கோடு மடிப்பைச் செங்கோணத்தில் வெட்டுகிறது என்பதையும், மடிப்பிலிருந்து இரண்டும் சம தொலைவில் உள்ளன என்பதையும் அளந்து பார்க்கச் செய்யுங்கள். கண்ணாடியை மடிப்பின்மேல் செங்குத்தாக நிறுத்தினால் அதே உருவம் கண்ணாடிக்குள் தெரியும். மடிப்பு சாய்வாக இருக்கும்போது பிள்ளைகள் தடுமாறுவார்கள். அப்போது தாளையே சுழற்றி மடிப்பைத் தமக்கு நேராக நிறுத்திக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். இது குறுக்குவழி அன்று. நிலை மாறினாலும் உறவு மாறாது என்ற நம் பாடமே இங்கும் பயன்படுகிறது.

புரட்டலுக்கு எந்த உருவத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. "ப" என்ற எழுத்தை எடுத்துக்கொண்டு நேர்நின்ற கண்ணாடிக் கோட்டில் எதிரொளித்தால் மீண்டும் "ப" வே வரும். நகர்த்தினாலும் அதே "ப" தான் வரும். இரண்டையும் பிரித்தறிய வழியில்லாத எடுத்துக்காட்டால் எதையும் கற்பிக்க முடியாது. "ட" நல்லது, ஆனால் அதன் இரு கோடுகளும் சம நீளமாக இருக்கக் கூடாது. சமமாக வரைந்த "ட" வை இடஞ்சுழியாகக் கால் சுற்றுச் சுழற்றினாலும், நேர்நின்ற கோட்டில் புரட்டினாலும் ஒரே படம் கிடைக்கும். இதை அறியாமல் நான் ஒருமுறை பயிற்சித்தாள் தயாரித்து, "சுழற்சி" என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அவர்களில் ஒருவன் டிரேசிங் தாளோடு மேசைக்கு வந்து, சுழற்றிக் காட்டி நிரூபித்தான். மதிப்பெண்களைத் திருத்திக் கொடுத்தேன்; அன்று முதல் நிற்கும் கோடு 2, படுத்த கோடு 4 என்று வரைந்துவருகிறேன்.

இந்தப் படியில் செவ்வகத்தின் மூலைவிட்டத்தையும் சோதித்துவிடுங்கள். ஒரு கட்டத்தாளிலிருந்து செவ்வகத்தை வெட்டி மூலைவிட்டத்தில் மடித்தால், இரண்டு பாதிகளும் அளவில் சமமாக இருந்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. சரிபாதியாக வெட்டும் கோடெல்லாம் சமச்சீர்க் கோடு ஆகிவிடாது என்பதை இந்த ஒரு மடிப்பு நிலைநாட்டிவிடுகிறது.

ஆறாம் படி: சுழற்றல்

சுழற்சிக்கு மூன்று விவரங்கள் வேண்டும்: எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு, எவ்வளவு, எந்தத் திசையில். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று தமிழில் இயல்பாக வழங்கும் சொற்களிலிருந்தே தொடங்குங்கள். 90, 180, 270 பாகை என்பது பின்னால் வரட்டும். வகுப்பறைக் கூரையில் தொங்கும் மூன்று இறக்கை மின்விசிறியின் ஓர் இறக்கையில் சிவப்பு நாடா கட்டுங்கள். நாடா இல்லாவிட்டால் மூன்றில் ஒரு சுற்றுக்கு, அதாவது 120 பாகைக்கு ஒருமுறை விசிறி தன்னைப் போலவே தோன்றும். நாடா இருந்தால் முழுச்சுற்று வேண்டும். திசையைப் பற்றிப் பேசும்போது, கீழிருந்து பார்ப்பவருக்கு வலஞ்சுழியாகத் தெரிவது மேலிருந்து பார்ப்பவருக்கு இடஞ்சுழி என்ற நுட்பத்தையும் சொல்லிவிடலாம். கூர்மையான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்.

மையம் உருவத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். அதை மாற்ற, உருவத்தை டிரேசிங் தாளில் படியெடுத்து, குண்டூசியை முதலில் உருவத்தின் நடுவிலும், பிறகு அதன் ஒரு முனையிலும், கடைசியில் உருவத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலும் குத்திச் சுழற்றச் செய்யுங்கள். மூன்று முறையும் அதே கால் சுற்று. ஆனால் உருவம் போய்ச் சேரும் இடம் வெவ்வேறு. படியெடுத்த தாளின் ஓரத்தில் மேல்நோக்கிய ஓர் அம்பு வரைந்திருந்தால், அம்பு கிடைமட்டமானதும் கால் சுற்று முடிந்தது என்று பிள்ளை தானே அறிந்து நிறுத்தும்.

ஏழாம் படி: எது நடந்தது என்று கண்டுபிடித்தல்

இதுவரை கட்டளை கொடுத்துச் செய்யச் சொன்னோம். இனி மூலமும் விளைவும் கொடுத்து, இடையில் நடந்ததைச் சொல்லச் சொல்ல வேண்டும். வரிசையாகச் சோதிக்கப் பழக்குங்கள்: முதலில், டிரேசிங் தாளைக் கவிழ்க்காமல் மூலத்தை விளைவின்மேல் பொருத்த முடிகிறதா? முடியாவிட்டால் அது புரட்டல். முடிந்தால், தாளின் அம்பு இன்னும் மேல்நோக்கியே இருக்கிறதா? இருந்தால் நகர்த்தல், இல்லாவிட்டால் சுழற்றல்.

இந்தப் பாடத்தை ஒரு நாள் பூப்பந்துத் திடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். வலையைக் கண்ணாடிக் கோடாகக் கொண்டு இருவர் எதிரெதிரே நிற்கட்டும்; ஒருவர் வலக்கையை உயர்த்தினால் எதிரே உள்ளவர் இடக்கையை உயர்த்த வேண்டும். இது எதிரொளிப்பு. பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் நிலையில் நிற்கச் சொல்லுங்கள்: பந்தை அடிப்பவர் தம் வலப்பக்கக் கட்டத்தில், எதிர்கொள்பவரும் தம் வலப்பக்கக் கட்டத்தில், இருவரும் வலக்கையில் மட்டையோடு. இப்போது ஒருவர் மற்றவரின் கண்ணாடிப் பிம்பமா? இல்லை. திடலின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்ட அரைச் சுற்றுத்தான் ஒருவரை மற்றவர் இடத்தில் கொண்டு சேர்க்கிறது. அன்றாடம் விளையாடும் திடலுக்குள் இப்படி ஒரு சுழற்சி மறைந்திருக்கிறது என்று கண்டதும் பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சியைப் பார்ப்பதற்காகவே இந்த வெயிலில் நிற்கலாம்.

எட்டாம் படி: கோலத்திலும் தெருவிலும்

புள்ளிக்கோலம் இந்தப் பாடத்துக்கு முன்னோர் விட்டுச்சென்ற கருவி. நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று புள்ளி வைத்து, கோலத்தின் கால் பகுதியை மட்டும் ஆசிரியர் வரைந்து கொடுக்கட்டும். மாணவர்கள் அதை டிரேசிங் தாளில் படியெடுத்து, நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி, கால் சுற்றாக மூன்று முறை சுழற்றி முழுக் கோலத்தை முடிக்க வேண்டும். அதே கால் பகுதியைச் சுழற்றாமல் மடித்துப் புரட்டி முடித்தால் வேறொரு கோலம் வருவதுண்டு; இரண்டையும் அருகருகே ஒட்டிப் பேசச் சொல்லுங்கள்.

இடைப்புள்ளிக் கோலம் அறுகோணத்தைத் தருகிறது. ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் நான்கு வரை குறைத்து வைத்தால், 4, 5, 6, 7, 6, 5, 4 என முப்பத்தேழு புள்ளிகள். இங்கே ஒரு நுட்பம்: ஆறில் ஒரு சுற்று, அதாவது 60 பாகை சுழற்றினால் பொருந்த வேண்டுமென்றால் புள்ளிகள் சமபக்க முக்கோணங்களாக அமைய வேண்டும். புள்ளிகளுக்கிடையே 2 சென்டிமீட்டர் விட்டால், வரிசைகளுக்கிடையே ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் விட வேண்டும். சாதாரணக் கட்டத்தாளில் வரிசைக்கும் 2 சென்டிமீட்டர் விட்டு வைத்தால் அறுகோணம் நெடுக நீண்டுபோய், சுழற்றும்போது பொருந்தாது. பாட்டிமார் இந்த அளவைக் கண்ணாலேயே வைத்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்துப் புள்ளி வைக்கச் சொல்லி, பிள்ளைகளை அளக்கச் சொல்வது நல்ல பாடவேளையாக அமையும்.

வெளியே அழைத்துச் செல்ல முடிந்தால், 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தலமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் வட்டாரம் போதும். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் பதித்த பூவேலைத் தரையோடுகளில், ஓர் ஓட்டில் பூவின் கால் பகுதி மட்டும் இருக்க, நான்கு ஓடுகள் கால் சுற்றாகச் சுழன்று சேர்ந்து முழுப் பூவாவதைப் பல இடங்களில் காணலாம். நிமிர்ந்து பார்த்தால் கொம்தார் கோபுரம் பன்னிரண்டு பக்கம் கொண்டது. தொலைவிலிருந்து வட்டம்போல் தோன்றும் அதை 30 பாகை சுழற்றினால் தன்மேல் தானே பொருந்தும். கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் இரட்டைக் கோபுரத்தின் தரைப்பட அமைப்பை அட்டையில் செய்து பார்க்கலாம்: ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை சுழற்றி வைத்தால் எட்டு முனை விண்மீன் வரும், உள்மூலைகள் எட்டிலும் வட்டவில் சேர்த்தால் அக்கோபுரத்தின் அடிப்படை வடிவம் கிடைத்துவிடும். முதல் நாள் "டைமண்ட்" என்று பெயர் பெற்ற அதே சாய்ந்த சதுரம்தான் அதில் இரண்டாவதாக நிற்கிறது.

பிறகு தரையைப் பரப்பும் கேள்வியை எழுப்பலாம்: எந்த ஒழுங்கு வடிவத்தால் இடைவெளியின்றித் தரை முழுவதையும் மூட முடியும்? சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றால் மட்டுமே முடியும்; ஐங்கோணத்தைக் கொடுத்தால் மூன்று துண்டுக்குப் பின் ஓர் ஒடுங்கிய பிளவு மிஞ்சும். ஆனால் ஒழுங்கற்ற எந்த முக்கோணமும், எந்த நாற்கரமும், ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலும் அரைச் சுற்றுச் சுழற்றிக்கொண்டே போனால் தரையை மூடிவிடும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தம் விருப்பப்படி ஒரு கோணலான நாற்கரத்தை வெட்டச் சொல்லி இதைச் செய்ய வையுங்கள்.

இடைநிலைப்பள்ளிக்கான சொற்பாலம்

நம் பிள்ளைகள் தமிழில் கற்ற இந்தக் கணிதத்தை இரண்டாம் படிவத்தில் மலாயில் மீண்டும் சந்திப்பார்கள். அங்கே இடப்பெயர்வு திரான்ஸ்லாசி, எதிரொளிப்பு பந்துலான், சுழற்சி புத்தாரான், சமச்சீர்க் கோடு பாக்சி சிமெத்ரி. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் இந்தச் சொற்களைக் கைச்செயல்களோடு இணைத்து ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். கருத்து தமிழில் உறுதியாக வேரூன்றிய பிள்ளைக்குப் புதிய சொல் ஒரு மாற்றுப் பெயர் மட்டுமே. கருத்தே இல்லாத பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாடச் சுமையாகிவிடும்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வில் "இது என்ன வடிவம்" என்ற கேள்வியை ஒன்றுக்குமேல் கேட்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் தனியே அழைத்து, மஞ்சள் நீல இணைகரத்தையும் அதன் சட்டத்தையும் கொடுத்து, நீலம் மேலே தெரியும்படி பொருத்தச் சொல்லுங்கள். தொட்டவுடன் "முடியாது" என்று சொல்லும் பிள்ளையிடம் காரணம் கேளுங்கள். "நீங்கள் முன்பு சொன்னீர்கள்" என்பது போதாத விடை. அப்பிள்ளை வான் ஹீலே தம்பதியர் சொன்ன முதற்படியில்தான் இன்னும் நிற்கிறது. "சாய்வு மறுபக்கம் போய்விடுகிறது" என்றால் அப்பிள்ளை பண்பைப் பார்க்கிறது. அதற்குமேல், ஒரு பிள்ளை சாய்சதுரத்தை எடுத்துக் காட்டி, "இந்த இணைகரமாக இருந்தால் புரட்டலாம், ஏனென்றால் எல்லாப் பக்கமும் சமம்" என்று தானாகச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடவேளையில் இரண்டு இணைக் கண்ணாடிக் கோடுகளை 6 அலகு இடைவெளியில் வரைந்து கொடுத்து, நீள "ட" வை முதற்கோட்டிலும் பிறகு இரண்டாவதிலும் புரட்டச் சொல்லுங்கள். உருவம் சரியாக 12 அலகு நகர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டு உங்கள் மேசைக்கு வரும்.